பின்னிருந்து எண்ணிய கணக்கு: கருத்தரிக்கும் நாளைத் தேடிய வரலாறு

கல்யாணமாகி ஒரு வருஷம் போயும் பிள்ளை தங்காத வீட்டில் கேள்விகள் எல்லாம் பெண்ணைத் தேடித்தான் வருகின்றன. மாமியார் கேட்பார், பெருநாளைக்கு வந்த சாச்சி கேட்பார், பக்கத்து வீட்டு ராத்தா கேட்பார். கேட்பவர்களில் கொஞ்சம் படித்தவர் ஒருவர் இருந்துவிட்டால் கேள்வியோடு ஓர் ஆலோசனையும் சேர்ந்து வரும்: "பதினாலாம் நாளைப் பார்த்துக்கோ மகள்." சொன்னவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் பதினான்கு எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை அல்ல. தமிழ்தான் என் பாடம். ஆனால் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தேடுவதைப் போலவே இந்த எண்ணையும் தேடிப் பார்த்தேன். அது யப்பானின் ஒரு துறைமுக நகரத்துக்கும், தொல்காப்பியத்தின் ஒரு சூத்திரத்துக்கும், எங்கட பிக்ஹு கிதாபுகளில் வரும் ஹைழ் பாடத்துக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. சுருக்கமாகச் சொன்னால், பதினான்கு என்ற எண் பெரும்பாலும் சரி. அது முன்னிருந்து எண்ணுகிற எண் அல்ல, பின்னிருந்து எண்ணுகிற எண். மனித குலம் இதைத் தெரிந்துகொண்டு நூறு ஆண்டுகள்தாம் ஆகின்றன.

பழைய வைத்தியர்கள் சொன்ன நாள்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த எபேசு நகரத்து சொரானுஸ், பெண்களின் நோய்கள் பற்றித் தனியாக நூல் எழுதியவர். கருத்தரிக்க ஏற்ற காலம் மாதவிடாய் நின்றுபோகும் தறுவாயே என்பது அவர் கருத்து. அந்த நேரத்தில்தான் கருப்பை சுத்தமாகி, விந்தை ஏற்று வைத்துக்கொள்ளும் நிலையில் இருக்கும் என்று அவர் நினைத்தார். நன்றாக உழுது சுத்தமாக்கிய வயலில் விதை பிடிக்கும் என்பது போன்ற நியாயம் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனாலேயே பல நூற்றாண்டுகள் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

அப்போது பெண்ணிடம் முட்டை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆண் உருவத்தைத் தருகிறான், பெண் வெறும் பொருளை, அதாவது மாதவிடாய் இரத்தத்தைத் தருகிறாள் என்றார் அரிஸ்டோட்டில். இருவருக்கும் வித்து உண்டு என்றார் கலென். இந்த இரண்டு கட்சியும் அறபு மொழிக்கு வந்தன. இப்னு சீனா போன்றவர்கள் இரண்டையும் எடுத்து வைத்துப் பேசினார்கள்.

மார்க்க அறிஞர்களுக்கு இந்த வழக்கில் தனியான ஓர் ஆதாரம் இருந்தது. பெண்ணுக்கும் நீர் வெளிப்படுமா, அவளும் குளிக்க வேண்டுமா என்று உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். ஆம் என்று பதில் சொன்ன நபியவர்கள், அப்படி இல்லையென்றால் பிள்ளைக்குத் தாயின் சாயல் எங்கிருந்து வரும் என்ற கருத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். ஹிஜ்ரி 852 இல் வபாத்தான இப்னு ஹஜர் அல்அஸ்கலானி, புகாரிக்கு எழுதிய விரிவுரையில் உடற்கூற்று அறிஞர் பலரின் கருத்தொன்றை எடுத்துக்காட்டுகிறார். பெண்ணின் இரத்தத்தை உறையச் செய்வதைத் தவிர ஆணின் விந்துக்கு வேறு பங்கு இல்லை என்பது அவர்களின் கருத்து. ஹதீஸ்கள் அதை மறுக்கின்றன என்கிறார் அவர். அவருக்கு முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் அஸ்ல் பற்றிப் பேசும்போது, பிள்ளை ஆணின் நீரால் மட்டும் உருவாவதில்லை, இரு பக்கமும் சேர வேண்டும் என்று சொல்லி, அதை ஓர் ஒப்பந்தத்தின் ஈஜாபுக்கும் கபூலுக்கும் ஒப்பிடுகிறார்கள். ஒரு பக்கம் சொல்லி மறு பக்கம் ஏற்கவில்லை என்றால் நிகாஹ் இல்லை. அதைப் போல என்கிறார்கள்.

இன்றைய உயிரியல் முழுவதும் அன்றே சொல்லப்பட்டுவிட்டது என்று வாதாட நான் வரவில்லை. பெண் வெறும் வயல் அல்ல, அவளும் பங்காளி என்ற கருத்து எங்கட மரபில் உறுதியாக இருந்தது என்பதே நான் சொல்ல வருவது. ஆனால் எந்த நாளில் அந்தப் பங்கு நிகழ்கிறது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

தொல்காப்பியத்தின் பன்னிரண்டு நாள்

பல்கலைக்கழகத்தில் தொல்காப்பியப் பொருளதிகாரம் படித்தவர்களுக்குக் கற்பியலில் வரும் ஒரு சூத்திரம் நினைவிருக்கும். பரத்தையிற் பிரிந்து போன தலைவனாக இருந்தாலும், மனைவிக்குப் பூப்பு நிகழ்ந்தால் ஈராறு நாள் அவளை விட்டு அகன்றிருக்கக் கூடாது என்பது அதன் கருத்து. இதே விதி இறையனார் களவியலிலும் உண்டு. வகுப்பில் இந்தச் சூத்திரம் வரும்போது விரிவுரையாளர் சற்று வேகமாகப் போவார். நாங்களும் குனிந்தபடி குறிப்பு எழுதிக்கொள்வோம். ஆனால் உரையாசிரியர்கள் வெட்கப்படவில்லை. முதல் மூன்று நாளும் கூட்டம் இல்லை, பேசினால் கேட்கும் தூரத்தில் இருப்பது. எஞ்சிய நாட்கள் கருத்தரிப்பதற்குரியவை என்று வெளிப்படையாகவே விளக்குகிறார்கள்.

பக்கத்து மரபுகளிலும் இதே மாதிரிக் கணக்குகள் உண்டு. சுசுருத சங்கிதை பன்னிரண்டு இரவுகளைச் சொல்கிறது. பொழுது சாய்ந்ததும் தாமரை குவிவது போல அந்தக் காலம் கழிந்ததும் கருப்பை மூடிக்கொள்ளும் என்பது அதன் விளக்கம். மனு தர்மம் பதினாறு இரவுகள் என்கிறது.

இன்றைய அறிவை வைத்து இந்தக் கணக்கை உரசிப் பார்ப்போம். இருபத்தெட்டு நாள் வட்டமுள்ள ஒரு பெண்ணுக்குப் பதினான்காம் நாளில் முட்டை வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், கருத்தரிக்கக்கூடிய நாட்கள் ஒன்பது முதல் பதினான்கு வரை ஆறு நாட்கள். பூப்பின் முதல் நாளிலிருந்து எண்ணும் பன்னிரண்டு நாள் அந்த ஆறில் நான்கைப் பிடித்துவிடுகிறது. பதினாறு இரவு ஆறையும் பிடித்துவிடுகிறது. மாதவிடாய் நிற்கும் நாளையே பார்த்துக்கொண்டிருந்த சொரானுஸின் ஆலோசனையைவிட இது எவ்வளவோ மேல்.

இதற்காக முன்னோர் முட்டையைக் கண்டிருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் கண்டது கருப்பை திறந்து மூடும் ஒரு பூவைத்தான். அகலமாக விரித்த வலையில் மீன் அகப்பட்டது. மீன் எங்கே நிற்கிறது என்று தெரிந்து வீசிய வலை அல்ல அது. அதோடு அவர்கள் எல்லோருமே முன்னிருந்துதான் எண்ணினார்கள். வட்டம் நீண்ட பெண்ணுக்கு அந்த வலை எட்டாது.

முட்டையைத் தேடிய ஐரோப்பா

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, முதலாம் சாள்ஸ் மன்னனின் வேட்டைக்காடுகளில் கொல்லப்பட்ட பெண் மான்களின் கருப்பைகளை அறுத்துப் பார்த்தார். இணைசேர்ந்து வாரக்கணக்கில் ஆகியும் உள்ளே கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. ஆனாலும் எல்லா உயிருக்கும் தொடக்கம் முட்டைதான் என்று 1651 இல் எழுதினார். 1672 இல் ஒல்லாந்தரான ரெக்னியர் டி கிராப் சூலகத்தில் தெரியும் குமிழ்களை விவரித்து, அவைதாம் முட்டைகள் என்று கருதினார். அவை முட்டைகள் அல்ல, முட்டை வளரும் உறைகள். இன்றும் அவற்றை அவருடைய பெயராலேயே அழைக்கிறோம்.

1677 இல் இன்னோர் ஒல்லாந்தர், லேவன்ஹுக், தன் நுணுக்குக்காட்டியில் விந்தணுக்களைக் கண்டார். பாலூட்டியின் முட்டையை முதன்முதலில் கண்ட பெருமை கார்ல் ஏர்ன்ஸ்ட் வொன் பேயருக்கு உரியது. 1827 இல், ஒரு நாயின் சூலகத்தில், மஞ்சள் புள்ளி மாதிரி ஒன்றை அவர் கண்டார். இரண்டுக்கும் இடையில் சரியாக 150 ஆண்டுகள். ஆணின் பங்கைக் கண்ணாடியில் பார்த்துச் சோதிப்பது அவ்வளவு முந்தியே கைகூடிய காரியம். ஆனால் இன்றைக்கும் எங்கட வீடுகளில் சோதனைக்குக் கடைசியாகப் போகிறவர் ஆண்தான்.

முட்டை இருப்பது தெரிந்தபின் அது எப்போது வெளியேறுகிறது என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் விஞ்ஞானம் பெரிய சறுக்கல் ஒன்றைச் சறுக்கியது. நாய்க்கு இரத்தப்போக்கு ஏற்படும் காலத்தோடு ஒட்டியே அது இணைசேர்ந்து கருத்தரிக்கிறது. இதைப் பார்த்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள், பெண்ணின் மாதவிடாயும் அதே மாதிரியானது, மாதவிடாயை ஒட்டியே முட்டையும் வெளியேறுகிறது என்று முடிவு கட்டினார்கள். இரண்டும் வெவ்வேறு இரத்தம். நாய்க்கு வருவது முட்டை வெளியேறுவதற்கு முந்திய இரத்தம். பெண்ணுக்கு வருவது முட்டை வெளியேறி, கரு தங்காமல் போனபின் கருப்பையின் உள்மடிப்பு கழன்று விழும் இரத்தம்.

இந்தத் தவறு ஏட்டோடு நிற்கவில்லை. பிள்ளை வேண்டும் என்று வந்த தம்பதியருக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களைச் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை போதும் என்று வந்தவர்களுக்கு வட்டத்தின் நடுப்பகுதி ஆபத்தில்லாதது என்றார்கள். உண்மை அநேகமாக நேர்மாறு. வேண்டியவர்களுக்குக் கிடைக்காத நாளையும் வேண்டாதவர்களுக்குக் கிடைக்கும் நாளையும் வைத்தியரே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மலடி என்று பேர் வாங்கிய பெண்களில் எத்தனை பேர் இந்தக் கணக்குப் பிழையால் வாங்கினார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

நீகாட்டாவின் வைத்தியர்

கியூசக்கு ஒகினோ 1882 இல் யப்பானில் பிறந்தவர். தோக்கியோவில் வைத்தியம் படித்தபின், கடலோர நகரமான நீகாட்டாவில் தக்கெயாமா வைத்தியசாலையில் பெண் நோயியல் வைத்தியராகச் சேர்ந்தார். வாழ்நாளில் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அல்ல. நோயாளரைப் பார்த்துக்கொண்டே ஆய்வு செய்தவர்.

வேறு காரணங்களுக்காக வயிற்றில் சத்திரசிகிச்சை செய்யும்போது பெண்ணின் சூலகத்தை நேரில் பார்க்க முடியும். முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சட்சடலம் என்ற ஒன்று உருவாகும். அதன் நிலையைப் பார்த்தால் முட்டை வெளியேறிவிட்டதா, எப்போது வெளியேறியிருக்கும் என்று கணிக்கலாம். இப்படிப் பார்த்த ஆய்வாளர்கள் ஜேர்மனியிலும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கடைசியாக வந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணினார்கள். ஆகவே ஒருவருக்கு ஒரு நாளும் மற்றவருக்கு இன்னொரு நாளுமாக விடை வந்தது. ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை.

ஒகினோ கணக்கைத் திருப்பிப் போட்டார். கடந்துபோன மாதவிடாயை விட்டுவிட்டு, அடுத்து வரப்போகிற மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினார். சிதறிக் கிடந்த நாட்கள் ஓரிடத்தில் வந்து குவிந்தன. அடுத்த மாதவிடாய்க்கு முந்திய பன்னிரண்டாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையில் முட்டை வெளியேறுகிறது என்று 1924 இல் யப்பானிய மொழியில் வெளியிட்டார். 1930 இல் அது ஜேர்மன் மொழியில் வந்தபின்தான் உலகம் கவனித்தது. அதே காலத்தில் ஒஸ்திரியாவின் ஹேர்மன் க்னவுஸ், வேறு வழியில் ஆராய்ந்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். இரண்டு பெயர்களையும் சேர்த்து ஒகினோ–க்னவுஸ் முறை என்று சொல்லும் வழக்கம் உண்டானது.

பின்னோக்கி எண்ணுவது ஏன் பொருந்துகிறது என்பதற்குக் காரணம் உடலிலேயே இருக்கிறது. வட்டத்தின் முதற்பாதியில் முட்டை முதிர வேண்டும். அதற்கு எடுக்கும் நாள் ஆளுக்கு ஆள் மாறும்; ஒரே பெண்ணுக்கும் மாதத்துக்கு மாதம் மாறும். காய்ச்சல், மனக்கவலை, உடல் மெலிவு எல்லாம் அதை இழுத்துவிடக்கூடும். முட்டை வெளியேறியபின் தோன்றும் மஞ்சட்சடலத்தின் ஆயுளோ ஏறத்தாழ இரண்டு கிழமை. கரு தங்காவிட்டால் அது வாடிவிடும், மாதவிடாய் வந்துவிடும். முன்பாதி நீளும், குறுகும். பின்பாதி அவ்வளவாக மாறாது.

ஒகினோவின் கணக்கை மூன்று பெண்களுக்குப் போட்டுப் பார்ப்போம். இருபத்தெட்டு நாள் வட்டமுள்ளவருக்கு முட்டை வெளியேறுவது பதின்மூன்றாம் நாள் முதல் பதினேழாம் நாள் வரையுள்ள காலத்தில். இருபத்துநான்கு நாள் வட்டமுள்ளவருக்கு ஒன்பது முதல் பதின்மூன்று. முப்பத்தைந்து நாள் வட்டமுள்ளவருக்கு இருபது முதல் இருபத்துநான்கு. இப்போது அந்தப் "பதினாலாம் நாளை" இவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். முதலாமவருக்குப் பொருந்தும். இரண்டாமவருக்கு எல்லாம் முடிந்துபோய்விட்டது. மூன்றாமவருக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

இந்த அறிவு உலகம் முழுவதும் பரவியது பெரும்பாலும் கருத்தடை முறையாகத்தான். 1932 இல் சிக்காகோ வைத்தியர் லியோ லாட்ஸ் இதைப் பற்றி எழுதிய நூல் கத்தோலிக்கர் மத்தியில் மிகவும் பரவியது. ஒகினோவுக்கு இது உவப்பாக இருக்கவில்லை. பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கு இதை நம்பிக் கொடுப்பதை அவர் எதிர்த்தார். அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்று முன்கூட்டி நிச்சயமாகச் சொல்ல யாராலும் முடியாது என்பது அவருக்குத் தெரியும். பிள்ளை வேண்டும் என்பவர்கள் கணக்கில் ஒன்றிரண்டு நாள் தவறினால் அடுத்த மாதம் பார்க்கலாம். வேண்டாம் என்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

உடல் காட்டும் அடையாளங்கள்

கணக்கோடு கூட, உடலே தரும் அடையாளங்களையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். 1873 இல் அமெரிக்காவில் ஹாவர்ட் பேராசிரியர் ஒருவர், அதிகம் படித்தால் பெண்களின் கருப்பை கெட்டுவிடும் என்று நூல் எழுதினார். அதற்கு மறுப்பாகப் பெண் வைத்தியர் மேரி புட்னம் ஜக்கோபி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி 1876 இல் ஹாவர்டின் பரிசையே வென்றார். அதற்காக அவர் திரட்டிய தகவல்களில் பெண்களின் உடல் வெப்பநிலையும் இருந்தது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் அது கொஞ்சம் உயர்ந்திருப்பதை அவர் கண்டார். முட்டை வெளியேறியபின் உடல் வெப்பம் சிறிதளவு, ஏறத்தாழ 0.2 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை, ஏறுகிறது என்பது பின்னர் தெளிவானது. பெண் பிள்ளைகள் படிக்கலாமா என்ற வழக்கிலிருந்து இப்படி ஓர் அறிவு பிறந்தது, படிப்பிக்கிற பெண்ணான எனக்குத் தனிச் சந்தோஷம்.

ஆனால் வெப்பமானி சொல்வது நடந்து முடிந்த செய்தி. அது ஏறும்போது முட்டை வெளியேறியாகிவிட்டது. முன்கூட்டிச் சொல்வது வேறோர் அடையாளம். அவுஸ்திரேலியாவில் ஜோன் பில்லிங்ஸ், எவலின் பில்லிங்ஸ் என்ற வைத்தியத் தம்பதியர் 1950களிலிருந்து இதை ஆராய்ந்தார்கள். முட்டை வெளியேறும் நாள் நெருங்கும்போது பெண்ணின் கசிவு தெளிந்து, வழுக்கலாகி, பச்சை முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். விந்தணு உயிரோடு உள்ளே செல்வதற்கான வழி அது.

மூன்றாவது ஓமோன். முட்டை வெளியேறுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள், ஒன்றரை நாள் முன்பு லூட்டினாக்கும் ஓமோன் திடீரென்று உயர்கிறது; சிறுநீரில் அதைக் காணலாம். 1977 நவம்பரில் இங்கிலாந்தின் ஓல்ட்ஹாமில் ஸ்டெப்டோ, எட்வட்ஸ், ஜீன் பேர்டி ஆகியோர் ஒரு பெண்ணின் சிறுநீரை இரவு பகலாகச் சோதித்து அந்த ஓமோன் உயரும் நேரத்தைப் பிடித்து, அதை வைத்து முட்டையை எடுத்தார்கள். 1978 ஜூலை 25 இல் லூயிஸ் பிரவுன் பிறந்தார்; உடலுக்கு வெளியே கருக்கொண்டு பிறந்த முதற் குழந்தை. பாமசியில் இன்று வாங்குகிற சோதனைக் குச்சியும் அதே ஓமோனைத்தான் தேடுகிறது. சூலகக் கட்டி நோய் உள்ளவர்களுக்கு அந்த ஓமோன் எப்போதும் உயர்ந்தே இருக்கக்கூடும். ஆகவே அவர்கள் குச்சியை மட்டும் நம்பிவிடக் கூடாது.

கடைசியாக, எத்தனை நாள் என்ற கேள்விக்கு 1995 இல் தெளிவான விடை வந்தது. அலன் வில்கொக்ஸும் அவருடைய குழுவினரும் வட கரோலினாவில் பிள்ளைக்காகக் காத்திருந்த 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்தார்கள். கருத்தரித்தது எல்லாமே ஆறு நாட்களுக்குள்: முட்டை வெளியேறிய நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும். ஐந்து நாள் முந்திய சேர்க்கைக்கு வாய்ப்பு நூற்றுக்குப் பத்தளவு. வெளியேறிய அன்றைக்கு முப்பத்துமூன்றளவு. மறுநாள் சேர்ந்ததால் கருத்தரித்தவர் இல்லை. காரணம் இதுதான்: விந்தணு ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும், முட்டையின் ஆயுள் ஒரு நாளைக்கு மேல் போகாது. ஆகவே முட்டைக்காக விந்து முன்னரே போய்க் காத்திருக்க வேண்டும். அதே குழுவினர் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. அந்த ஆறு நாளும் பத்தாம் நாளுக்கும் பதினேழாம் நாளுக்கும் இடையில் அடங்கிய பெண்கள் நூற்றுக்கு முப்பது பேரளவில்தான். பத்துப் பேரில் ஏழு பேருக்கு அந்த எல்லை பொருந்தவில்லை.

எங்கட பெண்களின் கணக்கு

இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது வீட்டுச் சுவரில் தொங்கும் பிறைக் கலண்டர். அதில் பேனையால் சிறு புள்ளிகள் இருக்கும். ஆண்பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்தாலும் கேட்க மாட்டார்கள். உம்மாமார் ஹைழ் வந்த நாளையும் நின்ற நாளையும் குறித்துவைத்த புள்ளிகள் அவை. தொழுகையை விடும் நாள், குளித்துத் தொடங்கும் நாள், நோன்பில் கழாச் செய்ய வேண்டிய எண்ணிக்கை எல்லாம் அந்தப் புள்ளிகளில் இருக்கின்றன.

ஷாபிஈ மத்ஹபில் ஹைழின் ஆகக் குறைந்த அளவு ஒரு பகல் ஓர் இரவு, ஆகக் கூடியது பதினைந்து நாள், வழமையில் ஆறு அல்லது ஏழு. இரண்டு ஹைழுக்கு இடையில் துஹ்ர் பதினைந்து நாளுக்குக் குறையாது. இவை எல்லைகள் மட்டும்தான். அந்த எல்லைக்குள் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுடைய வழமை இருக்கிறது. அதற்கு ஆதத் என்று பெயர். இரத்தப்போக்கு நிற்காமல் வருகிறது என்று முறையிட்ட பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்களுக்கு, முன்பு ஹைழாக இருந்த நாட்களின் அளவுக்குத் தொழுகையை விட்டுவிட்டுப் பின் குளித்துத் தொழும்படிதான் சொல்லப்பட்டது. எல்லாப் பெண்ணுக்கும் ஒரே எண் கொடுக்கப்படவில்லை. இத்தாவின் மூன்று குரூஉவை எண்ணும்போதும், மாதவிடாய் பற்றிப் பெண்ணின் சொல்லையே ஏற்றுக்கொள்கிறார்கள் புகஹாக்கள். கணக்கின் சொந்தக்காரி அவள்தான்.

ஆளுக்கு ஆள் வட்டம் வேறு என்று வில்கொக்ஸ் ஓர் ஆய்வுகூடத்தில் நிறுவினார். ஆதத் என்ற சொல் எங்கட கிதாபுகளில் அந்த வேற்றுமையை முன்னரே ஒப்புக்கொண்டிருக்கிறது. நாள் குறித்துவைக்கும் பழக்கமும் எங்கட பெண்களுக்குப் புதிதல்ல. விட்டுப்போனது ஒன்றுதான்: அந்தப் புள்ளிகளை இபாதத்துக்கு மட்டும் பார்த்தோம், பிள்ளைப்பேற்றுக்குப் பார்க்கவில்லை. யாரோ சொன்ன பதினான்கை அங்கே கொண்டுவந்து வைத்தோம்.

என்னோடு படிப்பித்த ஓர் இளம் ஆசிரியைக்கு வட்டம் முப்பத்துநான்கு, முப்பத்தைந்து நாள். மூன்று வருஷமாகப் பதின்மூன்று, பதினாலு, பதினைந்து என்றே எண்ணிக்கொண்டிருந்தாள். கணவருக்கு வேலை வெளியூரில். விடுமுறை எடுப்பதெல்லாம் அந்த மூன்று நாளைப் பார்த்துத்தான். கணக்கைப் பின்னிருந்து போட்டுக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நாங்க ரெண்டு பேரும் வீட்டில் இல்லாத நாளாப் பார்த்துத்தான் ராத்தா எண்ணியிருக்கோம்" என்றாள். அவளை இத்தனை வருஷம் ஊர் கேட்ட கேள்விகளுக்கு அந்த ஒரு வசனத்துக்குள் பதில் இருந்தது.

நாள் சரியாகிவிட்டால் பிள்ளை நிச்சயம் என்று நான் எழுதவில்லை. கொடுப்பவன் அல்லாஹ். குழாய் அடைப்பு, ஓமோன் கோளாறு, விந்தணுக் குறைவு என்று காரணங்கள் பல. அவற்றுக்கு வைத்தியம் வேண்டும். பன்னிரண்டு மாதம் முயன்றும் தங்காவிட்டால், பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. பெண்ணுக்குக் கத்தி வைக்கிற சோதனைகளுக்கு முன்பே ஆணின் விந்துப் பரிசோதனையைச் செய்துவிடலாம். அது இலகுவானது, வலி இல்லாதது.

அதற்கு முன் செய்யக்கூடிய காரியம், ஆறு மாதத்துக்காவது ஹைழ் தொடங்கிய திகதிகளை ஒரு கொப்பியில் எழுதிவைப்பது. ஒரு தொடக்கத்துக்கும் அடுத்த தொடக்கத்துக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணினால் சொந்த வட்டம் தெரிந்துவிடும். ஆகக் குறுகிய வட்டத்திலும் ஆக நீண்ட வட்டத்திலும் பின்னிருந்து எண்ணி, அதற்கு முந்திய ஐந்து நாட்களையும் சேர்த்துக்கொண்டால் பார்க்க வேண்டிய காலம் கிடைத்துவிடும். வட்டம் குறுகியவர்களுக்கு அது குளித்துச் சுத்தமான மறுநாளே தொடங்கியிருக்கலாம். கசிவின் மாற்றத்தையும் கவனித்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஊர் மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டாலும் விளக்கிச் சொல்லுவார். கிளினிக்குக்குப் போகிற நாளில் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே போக வேண்டும்.